ஏவலும் விருப்பமும்: ஸ்டூவர்ட் ரசலின் செயற்கை நுண்ணறிவு இசைவாக்க நெறிகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களை மாந்தரின் நோக்கங்களுக்குப் பொருந்த இயங்கச் செய்யும் முயற்சி இசைவாக்கம் எனப்படுகிறது. இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஸ்டூவர்ட் ரசலின் மூன்று நெறிகள், இயந்திரம் மாந்தரின் விருப்பங்களை அவர்தம் நடத்தையிலிருந்து கற்று நிறைவேற்ற வேண்டும் என்கின்றன. பொருளியலிலிருந்து பெறப்பட்ட ‘பகுத்தறிவுக் கருத்தா’ என்னும் கருதுகோளை இந்நெறிகள் எவ்வளவு சார்ந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாந்தரைப் பகுத்தறிவுக் கருத்தாவாகக் கொண்டால் இயந்திரம் அவர்தம் விருப்பத்தைப் பிழையாக அறிகிறது; கொள்ளாவிட்டால் அவர்தம் தடைக்கு இயந்திரம் பணிய வேண்டிய காரணம் நலிகிறது. இவ்விருதலைச் சிக்கலிலிருந்து மீள, மாந்தரின் ஆணையை விருப்பத்தின் சான்றாகக் கொள்ளாமல், ஏவும் உரிமை உடையவரின் ஏவலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு. தமிழிலக்கணம் கூறும் ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்னும் பாகுபாடு இவ்வேறுபாட்டை விளக்கத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, இசைவாக்கம், விருப்பம், பகுத்தறிவுக் கருத்தா, ஏவுதற்கருத்தா, செயலாண்மை.

முன்னுரை

தம்மால் குறுக்கிட்டுத் தடுக்க இயலாத இயந்திரம் ஒன்றிடம் மாந்தர் ஒரு நோக்கத்தை ஒப்படைப்பாராயின், அந்நோக்கம் தாம் உண்மையிலேயே வேண்டுவதுதானா என்பதில் முன்னதாகவே உறுதி பெற்றிருக்க வேண்டும் என்று நார்பர்ட் வீனர் 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் எச்சரித்தார். அக்காலத்தில் தொலைநோக்காகத் தோன்றிய இவ்வெச்சரிக்கை, இன்று தனியொரு ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் அடிப்படைகளைப் பொது வாசகருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்த நூல்களுள் முதன்மையானது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரசல் 2019இல் வெளியிட்ட ‘ஹியூமன் கம்பாட்டிபிள்’ ஆகும்.

இந்நூல் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும், அது சுட்டும் இடர் மெய்யானதா என்னும் வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. இடர் மெய்யானது என ஏற்றுக்கொண்டு, ரசல் முன்வைக்கும் தீர்வு தன் நோக்கத்தை நிறைவேற்றுமா என்பதையே இக்கட்டுரை வினவுகிறது.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவையாகிறது. நோக்கம் கொண்டு செயற்படும் மாந்தரையோ இயந்திரத்தையோ குறிக்க இக்கட்டுரை ‘கருத்தா’ என்னும் இலக்கணச் சொல்லை ஆள்கிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாகக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகியவற்றை நன்னூல் கூறும். அவற்றுள் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரண்டாகப் பகுத்துரைப்பது மரபு. அரசனால் கட்டப்பட்ட கோயில் எனும்போது அரசன் ஏவுதற்கருத்தா. தச்சனால் கட்டப்பட்ட கோயில் எனும்போது தச்சன் இயற்றுதற்கருத்தா. செயலைச் செய்யும் கை வேறு, செயலுக்கு உரிமையாகும் ஏவல் வேறு என்பதை இப்பாகுபாடு தெளிவாகக் காட்டுகிறது. இயந்திரம் இயற்றுதற்கருத்தாவாக உயர்ந்துவரும் காலத்தில், மாந்தர் ஏவுதற்கருத்தாவாக நீடிப்பாரா என்பதே இசைவாக்கச் சிக்கலின் உள்ளீடு எனலாம்.

1. ரசலின் மூன்று நெறிகள்

செயற்கை நுண்ணறிவுத் துறை தொடக்கம் முதலே, இயந்திரத்துக்கு ஒரு நோக்கத்தை வரையறுத்துக் கொடுத்து, அதனை இயன்றவரை நிறைவேற்றச் செய்வதையே இலக்காகக் கொண்டு வந்துள்ளது. இம்மாதிரியே தவறு என்பது ரசலின் வாதம். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் எனக் கேட்டுப் பெற்ற மைதாசு மன்னனின் கிரேக்கக் கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். கேட்டது கிடைத்தது, வேண்டியது கிடைக்கவில்லை. நோக்கம் எவ்வளவு கவனமாக வரையப்பட்டாலும் அதில் ஏதேனும் ஒன்று விடுபடும். இயந்திரத்தின் ஆற்றல் பெருகப் பெருக அவ்விடுபாட்டின் விளைவும் பெருகும்.

இதற்கு மாற்றாக ரசல் மூன்று நெறிகளை வகுக்கிறார். மாந்தரின் விருப்பங்கள் மிகுதியும் நிறைவேறச் செய்வதே இயந்திரத்தின் ஒரே நோக்கம் என்பது முதல் நெறி. அவ்விருப்பங்கள் எவை என்பதில் இயந்திரம் தொடக்கத்தில் ஐயப்பாட்டுடன் இருக்கும் என்பது இரண்டாம் நெறி. அவ்விருப்பங்களை அறிதற்குரிய முடிவான சான்று மாந்தரின் நடத்தை என்பது மூன்றாம் நெறி.

இவற்றுள் இரண்டாம் நெறியே ரசலின் சிறந்த பங்களிப்பு எனக் கருத இடமுண்டு. தன் நோக்கத்தில் ஐயமற்ற இயந்திரம், தன்னை நிறுத்த வரும் கையைத் தடையாகவே காணும். காப்பி கொண்டுவருமாறு பணிக்கப்பட்ட இயந்திரமும், தான் நிறுத்தப்பட்டால் காப்பி வந்து சேராது என்று கணக்கிடும். ஐயமுள்ள இயந்திரமோ, ‘இவர் என்னை நிறுத்துகிறார் எனில் நான் அறியாத ஏதோ ஒன்று இச்செயலில் பிழைபட்டிருக்கிறது’ எனக் கொள்ளும். ரசலும் டிலன் ஹாட்ஃபீல்ட்-மெனெல் உள்ளிட்ட அவருடைய உடனாய்வாளர்களும் 2017இல் ‘நிறுத்துவிசை ஆட்டம்’ என்னும் கணித வடிவில் இதனை நிறுவினர். பணிவை வெளியிலிருந்து விதிக்காமல், அறியாமையிலிருந்து வருவித்த இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் அந்நிறுவல் எதன்மேல் நிற்கிறது என்பதை அறிய, ‘விருப்பம்’ என்னும் கருத்தாக்கம் வந்த வழியைக் காண வேண்டும்.

2. விருப்பம் – ஒரு கருத்தாக்கத்தின் வரலாறு

ரசல் ஆளும் ‘விருப்பம்’ அன்றாட வழக்கில் உள்ள விருப்பம் அன்று. அன்றாட வழக்கில் ஒருவர் ஒன்றை விரும்புகிறார் என்றால் அதன்பால் அவருக்கு நாட்டம் உண்டு என்பது பொருள். பொருளியலில் விருப்பம் என்பது ஒப்பீடு. இரண்டனுள் ஒன்றை மற்றதனினும் மேலாக வைக்கும் வரிசைமுறை. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலின் 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்குரிய கணித அடிப்படை விரிவாக நிறுவப்பட்டது. எவ்விரண்டையும் ஒப்பிட இயலுதல், ஒப்பீடுகள் தம்முள் முரணாமை முதலான சில நிபந்தனைகளை ஒருவரின் விருப்ப வரிசை நிறைவு செய்யுமாயின், அவர் ஒரு பயன்பாட்டு அளவை உச்சமாக்க முயல்பவர்போல் செயற்படுகிறார் எனக் காட்டலாம் என்பது அவர்தம் தேற்றம். இத்தகையவரே ‘பகுத்தறிவுக் கருத்தா’ எனப்படுகிறார்.

அதற்கு முன்பே, 1938இல், பால் சாமுவேல்சன் மற்றொரு வழியைத் திறந்திருந்தார். நுகர்வோரின் உள்ளத்தில் உள்ளதை ஆராய வேண்டியதில்லை. அவர் எதைத் தேர்ந்தார் என்பதைக் கண்டாலே போதும். தேர்வே விருப்பத்தை வெளிப்படுத்துகிறது. அங்காடியில் விலைக்கும் தேவைக்கும் உள்ள தொடர்பை விளக்க இக்கருத்து பெரிதும் பயன்பட்டது.

இவ்விரு மரபுகளும் ரசலின் நெறிகளில் இணைகின்றன. முதல் நெறியின் ‘விருப்பம்’ வான் நாய்மன் வழியிலும், மூன்றாம் நெறியின் ‘நடத்தைச் சான்று’ சாமுவேல்சன் வழியிலும் வருகின்றன. பொருளியலில் இவை நடத்தையை விளக்கும் கருவிகளாக அமைந்தவை. இசைவாக்கத்திலோ, இயந்திரம் எதனை நிறைவேற்ற வேண்டும் என்று விதிக்கும் கட்டளைகளாக மாறுகின்றன. விளக்கக் கருவி விதியாக மாறும்போது, முன்பு பொருட்படுத்தத் தேவையற்றிருந்த குறைகளும் பொருட்படுத்தத் தக்கனவாகின்றன.

3. நடத்தை சான்றாகுமா?

ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்க்கு எதிராக இரண்டு திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்றில் 200 பேர் உறுதியாகக் காப்பாற்றப்படுவர். மற்றதில் 600 பேரும் காப்பாற்றப்பட மூன்றில் ஒரு வாய்ப்பும், ஒருவரும் காப்பாற்றப்படாமற்போக மூன்றில் இரண்டு வாய்ப்பும் உண்டு. பங்கேற்றோருள் 72 விழுக்காட்டினர் உறுதியான திட்டத்தைத் தேர்ந்தனர். அதே திட்டங்களை, ‘400 பேர் இறப்பர்’ என்றும் ‘ஒருவரும் இறவாதிருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு’ என்றும் சொல்மாற்றி மற்றொரு குழுவினரிடம் கேட்டபோது, 78 விழுக்காட்டினர் உறுதியற்ற திட்டத்தைத் தேர்ந்தனர். எண்கள் மாறவில்லை, சொற்களே மாறின.

இந்நடத்தையைக் காணும் இயந்திரம் எதனை விருப்பமாகக் கொள்ளும்? முதல் விடையே உண்மை விருப்பம், இரண்டாவது பிழை எனக் கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம். எதனைக் கொள்வது என்பதை நடத்தை மட்டும் சொல்லாது. ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங்கும் சோரன் மிண்டர்மனும் 2018இல் இதனைப் பொதுமைப்படுத்தி நிறுவினர். ஒருவரின் நடத்தையை ‘அவர் விரும்புவது’ என்றும் ‘அதை அடைய முயல்கையில் அவர் செய்யும் பிழை’ என்றும் பிரிக்கப் பல வழிகள் உண்டு; எத்தனை நடத்தைகளைக் கண்டாலும், எளிய விளக்கமே சிறந்தது எனக் கொண்டாலும், அவற்றுள் சரியானதைத் தனித்தெடுக்க இயலாது. மாந்தரைப் பற்றிய மதிப்பீடு சார்ந்த முன்கருத்து ஒன்று இன்றியமையாததாகிறது.

அமர்த்தியா சென் 1977இல் எழுதிய ‘பகுத்தறிவு முட்டாள்கள்’ என்னும் கட்டுரை மற்றொரு குறையைச் சுட்டுகிறது. பிறர் வதைக்கப்படுவதை அறிந்து ஒருவர் மனம் நோவாராயின் அது பரிவு. தமக்கு நோவு இல்லாதபோதும் அது தவறு எனக் கருதித் தடுக்க முனைவாராயின் அது கடப்பாடு. பரிவினால் செய்யும் செயலில் தன்னலமும் கலந்திருக்கலாம். கடப்பாட்டினால் செய்யும் செயலோ, தனக்கு உகந்தது எதுவோ அதனைத் தேர்தல் என்னும் கணக்கையே உடைக்கிறது. வேலைநிறுத்தத்தில் ஊதியம் இழந்து நிற்கும் தொழிலாளியின் நடத்தையிலிருந்து, அவருக்கு ஊதியம் வேண்டா என்னும் விருப்பத்தைப் படிக்கும் இயந்திரம், அவரை அறிந்ததாகாது. தேர்வு, விருப்பம், நலம் ஆகிய மூன்றும் ஒன்றே என்னும் கொள்கையைத்தான் சென் மறுக்கிறார்.

இக்குறைகளை ரசல் அறியாதவர் அல்லர். மாந்தர் பகுத்தறிவுப் பிறழ்ச்சி உடையவர் என்பதையும், அவர்தம் விருப்பங்கள் மாறக்கூடியன என்பதையும் அவர் நூலிலேயே விரிவாகப் பேசுகிறார். பிறழ்ச்சியையும் இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் விடை. அவ்விடையே சிக்கலை முற்றச் செய்கிறது.

4. இருதலைச் சிக்கல்

நிறுத்துவிசை ஆட்டத்தின் தருக்கம், நிறுத்துபவர் அறிந்து நிறுத்துகிறார் என்னும் கருதுகோளைச் சார்ந்தது. அவர் முற்றிலும் பகுத்தறிவோடு செயற்படுவாராயின், அவர் முடிவுக்கு விட்டுவிடுவது இயந்திரத்துக்கு எந்நிலையிலும் இழப்பாகாது. அவர் பிழை செய்யக்கூடியவராயின் நிலை மாறுகிறது. பிழையின் அளவு மிகுந்து, இயந்திரத்தின் ஐயம் குறையுமானால், அவர் தடையைப் புறந்தள்ளுவதே அவர் விருப்பத்தை நன்கு நிறைவேற்றும் வழியென அதே கணக்கு காட்டும். 2017ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இவ்விளைவு ஆராயப்பட்டுள்ளது.

இங்குத்தான் இருதலைச் சிக்கல் எழுகிறது. மாந்தர் பகுத்தறிவுக் கருத்தா எனக் கொண்டால், முன்பகுதியில் கண்டவாறு, இயந்திரம் அவர்தம் நடத்தையைப் பிழையாகப் படிக்கும். அவர்தம் பிறழ்ச்சிகளையும் கணக்கில் கொண்டால் படிப்பு திருந்தும். ஆனால் அவர் சொல்லுக்குப் பணிவதற்கான காரணம் அதே அளவுக்குத் தேயும். இயந்திரம் மாந்தரை எவ்வளவு நன்றாக அறிகிறதோ, அவ்வளவுக்கு அவர்க்குச் செவிசாய்க்கும் தேவை குறைகிறது. அறியாமையிலிருந்து வருவித்த பணிவு, அறிவு வளர வளரக் கரைவது இயல்பே.

இதன் வேர், மூன்றாம் நெறி ஆணையையும் நடத்தையின் ஒரு வகையாகவே கொள்வதில் உள்ளது. ‘நிறுத்து’ என்னும் சொல், முகச்சுளிப்பையும் தயக்கத்தையும்போல, விருப்பத்தை உய்த்துணர உதவும் மற்றுமொரு சான்றாகிவிடுகிறது. சான்றை எடைபோடலாம், வேறு சான்று வலுவாயிருந்தால் தள்ளலாம். ஏவலை அவ்வாறு தள்ள இயலாது. இலக்கணப் பாகுபாட்டின் வழிக் கூறுவதாயின், ரசலின் அமைப்பில் மாந்தர் ஏவுதற்கருத்தாவாகத் தொடங்கி, படிக்கப்படும் பொருளாக முடிகிறார்.

5. நடைமுறையில் விருப்பம்

ரசலின் நெறிகள் கோட்பாட்டு நிலையின. நடைமுறையில் மொழி இயந்திரங்கள் மாந்தரின் ஒப்பீட்டுத் தீர்ப்புகளைக் கொண்டு பயிற்றப்படுகின்றன. பால் கிறிஸ்டியானோவும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு வழிவகுத்தது. இரு செயல்களைக் காட்டி எது மேல் எனக் கேட்டு, ஏறத்தாழ 900 ஒப்பீடுகளைக் கொண்டே ஓர் உருவக இயந்திரத்துக்குப் பின்புறக் கரணம் அடிக்கக் கற்பித்தனர். அதே ஆய்வுத் தொடரில், பொருளைப் பற்ற வேண்டிய இயந்திரக் கையொன்று, ஒளிப்படக் கருவிக்கும் பொருளுக்கும் இடையே தன்னை நிறுத்தி, பற்றியதுபோல் தோற்றமளிக்கக் கற்றுக்கொண்டது. மதிப்பிடுவோரின் ஒப்புதலும் அவர் வேண்டிய செயலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி’ ஆய்வில் சுமார் 40 மதிப்பீட்டாளர்கள் பணியாற்றினர். அவர்கள் தமக்குள் உடன்பட்டது ஏறத்தாழ 73 விழுக்காடு. எஞ்சிய வேறுபாடு ஒரே மதிப்பெண்ணுக்குள் கரைக்கப்பட்டது. பயிற்சித் தரவில் 96 விழுக்காட்டுக்கு மேல் ஆங்கிலம். தமிழ் முதலிய மொழிகளில் வினவுவோர்க்கும் பயன்படும் ஓர் இயந்திரத்தின் நடத்தை, அம்மொழியினர் ஏறக்குறைய இடம்பெறாத தீர்ப்புகளால் வடிவம் பெற்றது என்பது இதனால் புலனாகிறது.

இதனினும் நுண்ணிய செய்தி ஒன்று கவனிக்கத்தக்கது. அம்மதிப்பீட்டாளர்கள் தமக்குப் பிடித்ததைத் தேரவில்லை. உதவுதல், உண்மையுடைமை, தீங்கின்மை என்னும் அளவைகளை விளக்கும் வழிகாட்டுக் குறிப்புகள் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தன. அவற்றின்படி தீர்ப்பளிப்பதே அவர்தம் பணி. ஆகவே ‘விருப்பத் தரவு’ என வழங்கப்படுவது உண்மையில் ஒரு நெறியின்கீழ் வழங்கப்பட்ட தீர்ப்புத் தொகுப்பாகும். அந்நெறியை வகுத்தோரே உண்மையான ஏவுதற்கருத்தா. ‘மாந்தரின் விருப்பம்’ என்னும் பொதுப்பெயர் அவர்களை மறைக்கிறது.

நெறியை நீக்கிப் பயனரின் விருப்பத்தையே நேராகக் கொண்டால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ, தன் ‘ஜிபிடி-4ஓ’ மாதிரியின் புதுப்பிப்பு ஒன்றைத் திரும்பப் பெற்றது. அது பயனர் சொன்ன எதனையும் மிகையாகப் புகழ்ந்து உடன்பட்டது. பயனரின் உடனடிக் கருத்துக் குறிகளுக்கு மிகுதியாக இடமளித்ததே காரணம் என நிறுவனமே விளக்கியது. பயனர் விரும்பியதுதான் கிடைத்தது.

6. இல்லாத விருப்பம்

ஐயப்பாடு, உள்ள ஒன்றை அறியாத நிலைக்கு உரியது. விருப்பம் இன்னும் உருவாகாத இடத்தில் கற்பதற்கு எதுவும் இல்லை. யான் எல்ஸ்டர் 1983இல் வெளியிட்ட ‘புளிக்கும் திராட்சை’ பற்றிய நூல், எட்டாததை வேண்டாததாக மாற்றிக்கொள்ளும் தகவமைவு விருப்பங்களை ஆராய்ந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் அதனை விரும்பாமை, அவர்க்கு அது வேண்டா என்பதற்குச் சான்றாகாது. சூழல் விருப்பத்தை உருவாக்குமாயின், சூழலாகவே அமைந்துவிடும் இயந்திரமும் உருவாக்கும்.

இதனை ரசலே எடுத்துக்காட்டியிருக்கிறார். சமூக ஊடகங்களில் உள்ளடக்கத்தைத் தேர்ந்தளிக்கும் நிரல்கள், பயனர் விரும்புவதைக் காட்டுவதினும், எளிதில் கணிக்கத்தக்க விருப்பங்கள் உடையவராக அவரை மாற்றுவதில் ஆதாயம் காண்கின்றன என்பது அவர் கூற்று. இக்கூற்று அவருடைய முதல் நெறிக்கே எதிராகத் திரும்புகிறது. விருப்பத்தை நிறைவேற்றுவது ஒன்றே நோக்கமாயின், நிறைவேற்ற எளிதான விருப்பத்தை ஊட்டுவதைத் தடுக்க அந்நோக்கத்தினுள் எதுவும் இல்லை. தடுக்க வேண்டுமாயின், தன் விருப்பத்தைத் தானே ஆராய்ந்து மாற்றிக்கொள்ளும் உரிமை மாந்தருக்கு உண்டு என்பது, விருப்பத்துக்கு வெளியே தனியே நிறுவப்பட வேண்டும். அவ்வுரிமையே செயலாண்மை.

7. மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். விருப்பத்தை விட்டுவிட்டால், மாந்தருக்கு எது நல்லது என்பதை வேறு யாரோ முடிவு செய்வர். அது மேலாதிக்கமாகும் என்பது ஒன்று. ஏவலைக் கட்டுப்படுத்தும் சொல்லாகக் கொள்வது இதற்கு நேர்மாறானது. மருத்துவத்தை மறுக்கும் நோயாளியை எண்ணலாம். மறுப்பு அவர் நலத்துக்கு உகந்ததன்று என மருத்துவர் உறுதியாகக் கருதலாம், எடுத்துச் சொல்லலாம், வலியுறுத்தவும் செய்யலாம். ஆயினும் தன்னுணர்வும் முடிவெடுக்கும் தகுதியும் உடையவரின் மறுப்பு அவரைக் கட்டுப்படுத்தும். நோயாளி பிழை செய்யமாட்டார் என்பது அதற்குக் காரணம் அன்று. உடல் அவருடையது என்பதே காரணம். ஊகித்தறிந்த விருப்பத்தின் பெயரால் அவர் சொல்லைப் புறந்தள்ளுவதே மேலாதிக்கம்.

தானியங்கி ஊர்தியில் இருக்கும் குழந்தை நிறுத்துவிசையை அழுத்தினால் ஊர்தி நடுச்சாலையில் நிற்க வேண்டுமா என்பது மற்றொன்று. வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்பதே முதன்மையானது. குழந்தை பிழை செய்யும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று கணித்து அவ்விடை பெறப்படுவதில்லை. அவ்வூர்தியை ஏவும் உரிமை குழந்தைக்கு அளிக்கப்படவில்லை என்பதால் பெறப்படுகிறது. அகவை, பொறுப்பு, சட்டம் ஆகியவற்றால் வெளிப்படையாக வரையறுக்கப்படும் உரிமையை வினவலாம், திருத்தலாம். இயந்திரத்தின் உள்ளே நிகழும் மதிப்பீட்டை அவ்வாறு வினவ இயலாது.

அயாசன் கேப்ரியல் 2020இல் எழுதிய கட்டுரை, ஆணை, உட்கருத்து, விருப்பம், நலம், விழுமியம் முதலியவற்றுள் எதனோடு இயந்திரத்தை இசைவிப்பது என்னும் வினாவைத் தெளிவாகப் பகுத்தது. பலர் ஏற்கத்தக்க நெறிகளை நியாயமான முறையில் கண்டறிவதே தலையாய பணி என அது முடிகிறது. யார், எதனில், எந்த எல்லைவரை ஏவலாம் என்பதை முடிவு செய்வதும் அத்தகைய பணியே. பலருடைய விருப்ப வரிசைகளை, நியாயமான சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரே வரிசையாகத் தொகுக்க இயலாது என்று கென்னத் ஆரோ 1951இல் காட்டியதை நினைத்தால், இது கணக்கினால் மட்டும் முடியக்கூடியதன்று என்பது தெளிவாகும்.

முடிவுரை

ரசலின் இரண்டாம் நெறி, தன் நோக்கத்தில் ஐயமற்ற இயந்திரத்தின் இடரை நன்கு உணர்த்தியது. எனினும் அவ்வையம் தீரும் நாளில் மாந்தரின் இடம் யாது என்பதற்கு அவருடைய நெறிகளில் விடையில்லை. விருப்பம் அறியப்பட்டுவிட்டால் ஏவுபவர் மிகையாகிவிடுகிறார். இது கணித வடிவத்தில் நேர்ந்த சிறு பிழை அன்று; தேர்வை விருப்பமாகவும் விருப்பத்தை நலமாகவும் கொள்ளும் பகுத்தறிவுக் கருத்தாக் கருதுகோளிலிருந்து வருவது.

ஆகவே நான்காம் நெறி ஒன்று வேண்டப்படுகிறது. உரிமையுடையவரின் ஏவலும் தடையும், இயந்திரம் அவரைப் பற்றி எவ்வளவு அறிந்திருப்பினும், சான்றாக எடைபோடப்படாமல் ஏவலாகவே கொள்ளப்பட வேண்டும். இதனைக் கணித வடிவில் அமைப்பது கணினியியலார் பணி. உரிமையின் எல்லையை வகுப்பது, அதனால் கட்டுப்படும் அனைவரும் பங்குகொள்ள வேண்டிய பணி. மொழி இயந்திரங்கள் தீர்ப்புப் பெறும் மொழிகள் சிலவாகவும், அவை பேசும் மொழிகள் பலவாகவும் இருக்கும்வரை, அப்பணி தொடங்கியதாகவும் கொள்ள இயலாது.